புரோஜெஸ்டிரோன் ஏற்பி 'நெகட்டிவ்' என்றால் புற்றுநோயா?

இல்லை. உங்கள் அம்மாவின் மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி) பற்றிய திசுப் பரிசோதனை அறிக்கையில் 'தரம் 1', அதாவது சாதுவான வகை, என்று இருக்கும்போது, ஏற்பி (புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இல்லை என்ற ஒரு வரியால் அந்தத் தரம் மாறாது.

தரம் 1 கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பி இருக்கும். தரம் ஏற ஏறக் குறையும். இதைத் தலைகீழாகப் படித்துத்தான் 'ஏற்பி இல்லை, அதனால் மூர்க்கமான கட்டி' என்று எழுதிவிடுகிறார்கள். சாதுவான கட்டிகள் சிலவற்றிலும் அது இருப்பதில்லை. திசுவைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டாலும் ஏற்பியைக் காட்டும் சாயம் ஏறாமல் போகலாம்.

தரத்தைச் சரிபார்க்க, அறிக்கையில் இரண்டைப் பாருங்கள்:
1. செல் பிளவுகள், நுண்ணோக்கியின் 10 உயர் உருப்பெருக்கப் புலங்களில் 4க்குக் குறைவா?
2. மூளைத் திசுவுக்குள் ஊடுருவல் உண்டா?

அறுவை மருத்துவரிடம், கட்டி முழுவதும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். மறுபடி வளருமா என்பதற்கு, ஏற்பியைவிட இந்தப் பதில்தான் அதிகம் உதவும். மிச்சம் இருந்தால், எம்.ஆர்.ஐ. இடைவெளியை அவர் குறைக்கக்கூடும்.

ஏற்பி இல்லையே என்று ஹார்மோன் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லாமல் தொடர வேண்டாம். சைப்ரோட்டிரோன் மாத்திரை, மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கருத்தடை ஊசி இரண்டின் நெடுநாள் பயன்பாட்டுக்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.