ஈரத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

வணக்கம் அண்ணா,

அம்மாவின் சீதனக் காணி, கொட்டாஞ்சேனையில் இரண்டரைப் பேர்ச்சஸ், எனக்கு வந்திருக்கிறது. அதில் இருந்த பழைய வீடு இனித் திருத்த முடியாத நிலை. நானும் கணவரும் அம்மாவுமாக மூன்று பேர். வெளிநாட்டுக் குட்டி வீடுகளின் வீடியோக்களைப் பார்த்து, கூரைக்குக் கீழே மச்சுப் போட்டு அதில் படுக்கை, கீழே குசினியும் ஹோலும் என்று வரைந்து வைத்திருக்கிறேன். ஓடாவியும் வந்து அளவெடுத்துப் போனார். நீங்கள் வெள்ளவத்தையில் 380 சதுர அடியில் கட்டி ஏழு வருடமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். திரும்பக் கட்டுவதென்றால் எதை மாற்றுவீர்கள்?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஓடாவியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நானும் அந்த மச்சைப் போட்டவன்தான்.

நீங்கள் பார்த்த வீடுகள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்கென்று யோசிக்கப்பட்டவை. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு மாதிரிக் கட்டடக் கோவை, மச்சைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடிக்கு மேற்படாத வீட்டைக் குட்டி வீடு என்கிறது. ஆகவே அங்கே மச்சு கணக்கில் வராத இலாபம். மேலே ஏறும் சூடும் படுப்பவருக்கு இதம். கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். எங்கள் மச்சில் இரவு பதினொரு மணிக்கும் கூரைப் பலகையைத் தொட்டால் கையில் சூடு தெரிந்தது. முதல் ஏப்ரலிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டோம். இன்றைக்கு அங்கே சூட்கேஸ்கள் இருக்கின்றன.

உங்கள் அம்மாவையும் நினையுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏணியில் இறங்கித்தான் அவர் குளியலறைக்குப் போகவேண்டும். ஏணி வேண்டாம், ஒழுங்கான படியே வைப்போம் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. பத்தடி உயரத்துக்கு ஏழங்குல ஏற்றம் வைத்தால் பதினேழு ஏற்றம். மிதிக்கும் பலகை பத்தங்குலம் என்றால் நீளம் பதின்மூன்று அடிக்கு மேல் போகும். மூன்றடி அகலத்தில் 40 சதுர அடி படிக்கே போய்விடும். அது ஒரு குசினியின் அளவு.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் மாற்றுவது ஒன்றைத்தான்: ஈரத்துக்கு இடம் ஒதுக்குவேன். இடம் போதாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சம்தான். காயாமல் பட்ட பாடுதான் பெரிது. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் மூன்று பேரின் உடுப்பு, துவாய், குடை, செருப்பு, சோறு வடிக்கும் ஆவி எல்லாம் ஒரே காற்றுக்குள் கிடக்கும். வரைபடம் கீறும்போது கட்டிலுக்கு இடம் பார்த்தேன், மேசைக்கு இடம் பார்த்தேன். நனைந்த துவாய்க்கு இடம் பார்க்கவில்லை.

இடம் மிச்சம் என்று அலுமாரியை வெளிச் சுவரோடு ஒட்டிச் செய்வித்திருந்தேன். இரண்டாம் வருடம் மழை முடிந்து ஒரு கலியாணத்துக்குப் போக மனைவி கூறைச் சேலையை எடுத்து விரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு சாம்பல் பச்சையாய்ப் பூஞ்சணம். அவள் ஒன்றும் பேசவில்லை. மடியில் வைத்து நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இன்றும் அந்த மடிப்பில் கறை இருக்கிறது. பிறகு அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்றங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப்போகத் துளை வைத்தோம். அதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒரு சதமும் கூடச் செலவாகியிராது.

இரண்டரைப் பேர்ச்சஸ் என்பது 680 சதுர அடி. பின்பக்கம் திறந்த வெளி விடவேண்டும். எல்லைச் சுவரில் யன்னல் வைக்க முடியாது. மிச்சம் முழுவதையும் கூரையால் மூடிவிட்டால் நடு வீட்டுக்குக் காற்றே வராது. எனவே நடுவில் ஐந்தடிக்கு ஆறடி முற்றம் விடுங்கள். 30 சதுர அடி வீணாகிறதே என்று கணவர் சொல்லக்கூடும். கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தனக்கு அமைத்துக்கொண்ட வீட்டை அவருக்குக் காட்டுங்கள். முன்கூட்டியே பதிந்தால் பார்க்க விடுவார்கள். வரிசையாய் இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்தவர், இடையிடையே கூரையை எடுத்து வானத்தை உள்ளே விட்டார். இருட்டான நடைக்கு நடுவே அந்த வெளிச்சம் விழுவதைப் பார்த்த பிறகு 30 சதுர அடிக்காக அவர் வாதாடமாட்டார். உங்கள் முற்றத்துக்கு மேலே, கூரையை விட ஓரடி உயர்த்தி ஒளிபுகும் தகடு போட்டு, பக்கங்களைத் திறந்தபடி விட்டால் மழையிலும் கொடி கட்டலாம். குசினியின் ஆவியும் அதாலேயே ஏறிப் போகும்.

கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகும் பீலியையும் சொல்லவேண்டும். அழகுக்காகக் கொங்கிறீட் பீலியைச் சுவருக்குள் மறைத்துக் கட்டினோம். மேசன் வாட்டம் சரியாக வைக்கவில்லை, நானும் ஏறிப் பார்க்கவில்லை. டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அதில் நுளம்புக் குடம்பி கண்டார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. பீலி தேவையென்றால் ஏணி வைத்துக் கைபோட்டுக் கழுவக்கூடியதாய் வெளியே இருக்கட்டும்.

அத்திவாரம் வெட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் காணியில் சுண்ணாம்பால் அறைகளைக் கீறுங்கள். உண்மையான வாளி, கதிரை, 12.5 கிலோ காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் வைத்து, மூன்று பேரும் காலைத் தேநீர் போடும் நேரத்தை அங்கேயே நடித்துப் பாருங்கள். முக்கியமாக அம்மாவை நடக்க விடுங்கள்.

காணியின் மேற்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. பின்னேர வெயில் விழும் சுவரில்தான் குளியலறையும் அலுமாரியும் வரவேண்டும், கட்டில் அல்ல. அந்தப் பக்கத்தில் பக்கத்து வீடு எத்தனை மாடி, மழைச் சாரல் எந்தச் சுவரில் அடிக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காணியில் எத்தனையோ மாரி கண்டவர் அவர். அதை எழுதி அனுப்புங்கள், முற்றத்தை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.