தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியது யார்?

கேள்வி: பன்முகத்தன்மை, பன்முகத்தன்மை என்று எல்லா மேடையிலும் முழங்குகிறார்களே, அதற்கு உண்மையில் என்னதான் பொருள்? வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களுக்குத் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது? மதுரையில் எத்தனையோ தலைமுறையாக வாழும் சௌராஷ்டிரர்கள் வீட்டுக்குள் ஏன் இன்னும் தமிழ் பேசுவதில்லை?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தகுதியைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்திலும் அரசு விழாக்களிலும் பல ஆண்டுகளாக இசைத்தட்டில் நீங்கள் கேட்ட ‘நீராருங் கடலுடுத்த’ பாடலைப் பாடியவர்கள் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும். இசை எம்.எஸ்.விஸ்வநாதன். டி.எம்.எஸ். மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு, எம்.எஸ்.வி.யின் தாய்மொழி மலையாளம். தமிழ்த்தாய்க்கு வாழ்த்துப் பாட அவர்களுக்குத் தகுதி உண்டா என்று 1970-இல் யாரும் கேட்கவில்லை. லகர, ளகர, ழகரங்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இன்றைக்கும் நாம் டி.எம்.எஸ். பாட்டைப் போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

இனி அந்தச் சொல்லின் பொருளுக்கு வருவோம். ஆளுக்கொரு பொருள் இருக்கிறது. விழா நடத்துகிறவருக்கு அது மேடையில் ஏழெட்டு விதமான உடுப்பு. அரசியல்வாதிக்கு உரையில் வரும் ஒரு வரி. சுற்றுலாத் துறைக்கு ஒரு சுவரொட்டி. இவற்றில் எதற்கும் செலவு அதிகமில்லை, யாருக்கும் சங்கடமும் இல்லை. நான் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டது மதுரையில், என் பள்ளித் தோழன் வீட்டுத் திண்ணையில்.

அவனுடைய பாட்டி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியை நகநுனியில் சிட்டிகையாகக் கிள்ளி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார். கண் எங்கோ இருக்கும், கை மட்டும் நிற்காது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. முடிச்சுப் போட்டு முடித்த துணி சுருங்கி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். சாயம் தோய்த்துக் காய வைத்த பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால், நூலெல்லாம் படபடவென்று தெறித்து விழும். நூல் இறுகியிருந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் சின்னச் சின்ன வட்டங்கள். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த ‘மதுரை சுங்குடி’ இதுதான். அதை மதுரையின் பெருமை என்கிறோம், தமிழ்நாட்டின் பெருமை என்கிறோம். சரிதான். ஆனால் அந்த முடிச்சைப் பாட்டி தன் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தது சௌராஷ்டிர மொழியில். சேலை நம்முடையது, பேச்சு மட்டும் அந்நியம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

என்னிடம் அவர் பேசியது சுத்தமான மதுரைத் தமிழ். “என்னப்பா, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் பேரன் பக்கம் திரும்பித் தன் மொழியில் ஏதோ அதட்டுவார். நாயக்கர் காலத்தில் நெசவுக்காக மதுரைக்கு வந்து குடியேறியவர்களின் மொழி அது. வழிநெடுக மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. அவர்கள் தமிழ் பேசாதவர்கள் அல்லர். தமிழும் பேசுகிறவர்கள். கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்துதான் தமிழில் எழுதி 1993-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார்.

ஐயா, உங்கள் கேள்வியில் எனக்கு வலித்த இடம் ‘இன்னும்’ என்ற சொல். இன்னும் ஏன் விடவில்லை என்கிறீர்கள். இதே கேள்வியைத்தான் 1938-இலும் 1965-இலும் நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். பெரிய மொழி ஒன்று இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்றார்கள். நாம் சிறைக்குப் போனோம், உயிரும் கொடுத்தோம். அந்த வலி தெரிந்த நாமே, நம் தெருவிலிருக்கும் ஒரு சின்ன மொழியிடம் அதே குரலில் பேசலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் ஏறக்குறைய 2.5 லட்சம் பேர். அந்தப் பதிவையும் கணக்கெடுப்பு குஜராத்தி என்ற தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறது. 5 கோடிப் பேர் பேசும் போஜ்புரியை இந்தியின் கீழ் வைத்திருப்பதைப் போல. போஜ்புரிக்காக நாம் வருத்தப்படுகிறோம், கட்டுரை எழுதுகிறோம். மதுரைப் பாட்டிக்காக ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அந்தக் குறை என்னுடையது.

தோழனின் பேத்திக்கு இப்போது அந்த மொழி அரைகுறைதான். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தமிழ். பாட்டியின் மொழி அடுக்களையோடு நின்றுவிட்டது. அதற்கென்று தனி எழுத்தும் உண்டு. 2008-இல் யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தா திருமணச் செய்தியைத் தன் மொழியிலேயே அனுப்புகிறார். தமிழ் எழுத்தில், சில ஒலிகளுக்கு மட்டும் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டு.