அம்மாவின் சொட்டு மருந்தும் மகளின் இமை முடியும்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். ஒரு வருஷமாக ராத்திரியில் பைமாட்டோபிராஸ்ட் சொட்டு போடுகிறார். இப்போது அவர் இமை முடி நீளமாக, கறுகறுவென்று இருக்கிறது. எனக்கோ மஸ்காரா போட்டாலும் இருக்கிற இடம் தெரியாது. அதே மருந்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு நானும் தடவலாமா? ஆன்லைனில் சீட்டே இல்லாமல் கிடைக்கிறதாமே?

பதில்: உங்கள் கண்ணில் பட்டதுதான் முன்பு டாக்டர்கள் கண்ணிலும் பட்டது. கண் அழுத்தத்துக்குச் சொட்டு போட்டவர்களுக்கு இமை முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் அதே மருந்தை இமைக்கென்றே கொண்டுவந்தார்கள். 0.03 சதவீத பைமாட்டோபிராஸ்டுக்கு லாட்டிஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் 2008 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. முடி வளரும் பருவத்தை அது நீட்டிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அம்மா பாட்டிலைத் தொடாதீர்கள். அது 0.01 சதவீதமாகவும் இருக்கலாம், தவிர குச்சி பட்டு மருந்தில் கிருமி போய்விட்டால் பாதிக்கப்படுவது ஏற்கெனவே நோயுள்ள அவருடைய கண். சீட்டில்லாமல் வாங்குவதும் வேண்டாம், போலி எது அசல் எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அழகு சீரம் என்று விற்பவை சிலவற்றிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு, அதனால் "மருந்தில்லை, வெறும் சீரம்தான்" என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறாலும், இமையோர அழற்சியாலும் முடி கொட்டும், அப்போது வைத்தியம் வேறு. கண்ணுக்குள் அழற்சி வந்திருந்தால், கண்புரை அறுவை செய்திருந்தால், விழித்திரையில் நீர் கோத்திருந்தால், கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்து கண் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது, ஆகவே பின்னால் அழுத்தம் பார்க்கப் போகும்போதும் இதைத் தடவுவதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளவு ஏமாற்றிவிடும்.

சரி, எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி முகம் கழுவி, மேக்கப் எடுத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு, கூடவே வரும் சுத்தமான பிரஷ்ஷில் ஒரே ஒரு சொட்டு விட்டு, மேல் இமையில் முடி முளைக்கும் ஓரத்தில் மட்டும், மை தீட்டுகிற மாதிரி உள் மூலையிலிருந்து வெளியே ஒரு இழுப்பு. கீழ் இமைக்கு வேண்டாம், கண் சிமிட்டும்போது தானே போதுமான அளவு படும். வழிந்ததை உடனே டிஷ்யூவால் ஒற்றுங்கள், கன்னத்தில் தினமும் வழிந்தால் அங்கேயும் முடி முளைக்கும் (விளையாட்டுக்குச் சொல்லவில்லை!). அந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கண்ணுக்குப் புதுசு. லென்ஸ் திரும்பப் போட 15 நிமிஷமாவது ஆகட்டும், மருந்தில் உள்ள பதப்படுத்தும் பொருளை மென்மையான லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும்.

அரிப்பும் சிவப்பும்தான் அதிகம் கேள்விப்படுவது. இமைத் தோல் கருக்கலாம், மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணின் நிற வளையம் பழுப்பாக மாறினால் மாறியதுதான், திரும்பாது. அப்படி மாறுவது அரிது, கறுத்த கண்ணில் தெரியவும் தெரியாது. சிலருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் உள்வாங்கினாற்போல் ஆகும், அழகுக்காகப் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். பார்வை மங்கினாலோ வலித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு மாதமாகத் தடவுகிறேன், ஒன்றும் காணோம். தினம் இரண்டு தடவை போடட்டுமா? வளர்ந்தபின் விட்டுவிடலாமா?

பதில்: இரண்டு தடவை போட்டால் கூடுதலாக வளராது, அரிப்புதான் கூடும். இரண்டு மாதத்தில் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு 16 வாரம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்துப் போடாதீர்கள். அப்புறம், விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி ஆகிவிடும், இருந்ததைவிட மோசமாகாது.