சாயம் போனா போகட்டும்

அக்கா, வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை. நீங்க துணி பத்தி எழுதறதை விடாம படிக்கிறவ. கொரோனா டைம்ல யூடியூப் பாத்து குயில்ட், அதான் துண்டுத்துணிய ஒட்டுப்போட்டு நடுவுல பஞ்சு வெச்சு தெக்கற போர்வை, அதைத் தெக்க கத்துக்கிட்டேன். தண்ணிய வெச்சு ஒரு ஆர்ட் குயில்ட், செவுத்துல படமா மாட்டற மாதிரி, பண்ணணும்னு ஆசைப்பட்டு, அலை அலையா பீஸ் வெட்டி தெச்சு முடிச்சேன். அலசினப்போ நடுவுல வெச்ச செவப்பு கைலித்துணி சாயம் எறங்கி மொத்தமும் பாழாயிடுச்சு. அழுகையே வந்துடுச்சு, மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டேன். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கப் போறேன். எந்த நீலம் வாங்கலாம்? ஆன்லைன்ல வெளிநாட்டு பாட்டிக், மெழுகு வெச்சு சாயம் போடற துணி, வருதே, அது சாயம் போகாதாமே? கையால தெக்கறதா மெஷின்லயா? வீட்டுக்காரர் வேற "ஒரு போர்வைக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்"ங்கறார். இது ஆர்ட்டா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு வாசகி

தங்கச்சி,

மொதல்ல அந்த மூட்டைய பரண்லேர்ந்து எறக்கு. மத்ததெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரருக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா ஊசில நூல் கோக்கக்கூட நேரம் இருக்காது. ஆர்ட்டா இல்லையாங்கிற பஞ்சாயத்து அமெரிக்காவுல எப்பவோ முடிஞ்சுபோச்சு, 1971-லயே நியூயார்க் விட்னி மியூசியத்துல பழைய குயில்ட்டையெல்லாம் பெயின்டிங் கணக்கா செவுத்துல மாட்டிட்டாங்க, 1979-லேர்ந்து ஓஹையோவுல ஒரு பழைய மாட்டுக் கொட்டாய்ல ஆர்ட் குயில்ட்டுக்குன்னே ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கண்காட்சி நடக்குது, குயில்ட் நேஷனல்னு. இதையெல்லாம் அவர்கிட்ட போய் சொல்லிட்டிருக்காத. போர்வைன்னா போர்வை, போத்திக்கிட்டு தூங்கட்டும்.

எனக்கு சுருக்குனு பட்டது அந்த "பாழாயிடுச்சு"தான். தண்ணிய வெச்சு பண்றேன்ற, தண்ணி வந்து தன் வேலைய காட்டினதும் மூட்டை கட்டிட்டேன்ற. என்னம்மா நியாயம் இது? நீ வெட்டின அலை எப்படி இருக்கும்னு நான் பாக்காமலே சொல்லுவேன், அழகா வளைஞ்சு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரிசையா நிக்கும், காலண்டர் கடல். ஆனா அந்த கைலி செவப்பு இழை வழியா கசிஞ்சு, தையல்கிட்ட வந்து தேங்கி, பஞ்சுக்குள்ள எறங்கி, காயும்போது நடுவுல வெளிறி ஓரத்துல மட்டும் அழுத்தமா ஒரு கரை கட்டியிருக்கும் பாரு, அது உன் கத்தரி போட்டது இல்ல. அந்தத் துணில தண்ணி தானா வந்து செஞ்ச ஒரே எடம் அதுதான், அதைப் பாத்து அழுதிருக்க.

சாயம் போறது நம்ம ஊர் துணிக்கு ஒண்ணும் அவமானம் இல்ல. 1960-கள்ல மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுல சட்டையா போச்சு, ஒவ்வொரு தொவைக்கும் சாயம் எறங்கி ஒரு கட்டம் பக்கத்து கட்டத்துல கலந்துடும். வித்தவன் கூசினானா? "சாயம் போகும், கியாரண்டி"ன்னே விளம்பரம் போட்டு வித்தான், ப்ளீடிங் மெட்ராஸ்னு பேரு வெச்சு. அதுக்கும் முன்னாடி போனா, ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரன் காலத்துல கப்பல் ஏறப் போற துணிய தொவைச்சு வெளுத்துக் குடுக்கறவங்க வந்து குடியேறின எடம்தான் நம்ம வண்ணாரப்பேட்டை. அதே எம்.சி. ரோடு பக்கம் கைலி வாங்கிட்டு சாயம் போச்சேன்னு நாம மூக்கை சிந்தறோம்.

எங்கம்மா துணிய கசக்கிப் பாத்தே தண்ணிய சொல்லிடுவாங்க. ராயபுரத்துல ஒண்டுக்குடித்தனம். அடிபம்புல உப்புத்தண்ணி, சோப்பு நுரைக்கவே நுரைக்காது, திரி திரியா மேல மிதக்கும், காஞ்ச பாவாடை வெறச்சுக்கிட்டு நிக்கும். பக்கத்து வீட்டு போர்ல இரும்பு ஜாஸ்தி, ஸ்கூல் சட்டை காலர்லேர்ந்து பழுப்பேறும். லாரித் தண்ணி வர்ற அன்னிக்குத்தான் வெள்ளைத்துணியெல்லாம் வெளிய வரும், குடிக்கப் புடிச்சு வெச்சது போக மிச்சத்துல. அதுக்கும் சண்டை. எங்க வீட்டு தண்ணில நீலம்னு ஒண்ணு இருந்ததுன்னா அது கடைசி அலசல்ல விடற சொட்டு நீலம்தான். நீ எந்த நீலம் வாங்கலாம்னு கேக்கற.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் ஆத்துல எண்ணெய் கலந்து வீட்டுக்குள்ள வந்துதே, அப்போ அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா வீட்டுல பீரோ கீழ்த்தட்டு முழுக்க முங்கிடுச்சு. அதுலேர்ந்து ஒரு வெளிர்மஞ்சள் காட்டன் புடவைய என்கிட்ட குடுத்தாங்க, கட்டவும் முடியல தூக்கிப்போடவும் மனசு வரலன்னு. மடிச்சபடி ஊறியிருக்கு. பிரிச்சா ஒரே கறை முழத்துக்கு முழம் திரும்பத் திரும்ப வருது, வெளி மடிப்புல தார் கருப்பு, உள்ள போகப் போக பழுப்பு, கடைசி மடிப்புல ஒரு தேன் கலர் கோடு, அவ்ளோதான். மண்ணெண்ணெய் போட்டு கசக்கிப் பாத்திருக்காங்க, அந்த எடத்துல நூல் நைஞ்சதுதான் மிச்சம். எந்த டிசைனர் உக்காந்து யோசிச்சாலும் அப்படி ஒரு வரிசை வராது. அதுல கத்தரி வெக்க எனக்கு இன்னும் கை வரல.

அலபாமால ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, மூணு பக்கமும் ஆறு. கறுப்பு ஜனங்க ஓட்டுரிமை கேட்டு அக்கரைக்குப் போறாங்கன்னு 1962-ல படகையே நிறுத்திட்டானுங்க, மறுபடி படகு விட்டது 2006-ல. அந்த ஊர் பொம்பளைங்க தெச்ச குயில்ட்டை தேடிப் பாரு. வயக்காட்டு வேலைக்குப் போட்ட ஜீன்ஸு, முட்டி தேஞ்ச எடம் வெளுத்து, பாக்கெட் பிச்ச எடம் மட்டும் பழைய நீலம் அப்படியே. ஆத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு நான் பாத்தவரைக்கும் ஒரு அலை தெக்கல அவங்க. நீலம் வேணும்னா அந்த மாதிரி நீலம் தேடு, உங்க வீட்டு பீரோவுலயே கெடைக்கும். பாட்டிக் வாங்கறதுன்னா வாங்கிக்கோ, உன் காசு.

சாயம் நிக்கணும்கிற எடத்துக்கு மட்டும் சொல்றேன். கல்லு உப்புல ஊறவெச்சா நிக்கும்னு எல்லா அத்தையும் சொல்லுவாங்க, நிக்காது. தெக்கறதுக்கு முன்னாடி தனித்தனியா சுடுதண்ணில சோப்புப்பொடி போட்டு ஊறவெச்சு, தண்ணி தெளியறவரைக்கும் அலசு. ஈரமா இருக்கும்போதே மேல ஒரு வெள்ளைத்துணி போட்டு இஸ்திரிப்பொட்டிய வை, வெள்ளைல கலர் ஒட்டலன்னா தைரியமா தை. சுருங்கறதும் அதுலயே முடிஞ்சுடும். விளையாடணும்னு தோணிச்சுன்னா வெள்ளை மல் துணிய மூணா கிழிச்சு ஒண்ணை மெட்ரோ தண்ணிலயும் ஒண்ணை போர் தண்ணிலயும் ஒண்ணை காசிமேட்டு கடல்தண்ணிலயும் போட்டுப் போட்டு காயவை, ஒரு மாசம், அப்புறம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு.

பரண்ல இருக்கறதுக்கு வேலை கம்மிதான். அலை ஓரமா ஓட்டியிருக்கிற தையலையெல்லாம் பிரிச்சுடு, சாயக்கரை எப்படி வளையுதோ அதை ஒட்டியே ஓட்டுத்தையல் போடு, கையாலதான், தையல் கோணலா வந்தா வரட்டும். மெஷின்தான் வேணும்னு அடம்புடிச்சா ஊசிக்கு அடில துணிய தள்ளற பல்லை எறக்கிவிட்டுட்டு ஓட்டு, ரெண்டு ஊசி உடையும். பின்பக்கத்துக்கு பழைய வேட்டி போதும், வீட்டுக்காரருதே எடுத்துக்கோ. போட்டோ அனுப்பு, ஃபில்டர் கில்டர் போடாம.