சம்ப் மோட்டாரை எப்படிப் பராமரிப்பது? ரிப்பேர் வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மாடி டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள், அதுவே பாதி சொல்லிவிடும். மோட்டார் நன்றாக ஓடும் காலத்திலேயே அந்த நேரத்தைச் சுவிட்ச் போர்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். அரை மணியில் நிரம்பிய டேங்க் முக்கால் மணி இழுக்கிறது என்றால், சத்தம் எதுவும் வராவிட்டாலும் எங்கோ கோளாறு ஆரம்பித்துவிட்டது. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே சம்பில் விழும் வீடுகள் உண்டு. ஒகேனக்கல் திட்டம் வந்ததே நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான். ஆனால் மோட்டாருக்கு எதிரி ஃப்ளோரைடு இல்லை, போர் தண்ணீரின் உப்பு. அது இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில், கெட்டியாகப் படிந்து தண்ணீர் போகும் வழியைக் குறுக்கிவிடும்.

அதே உப்பு ஒரு நல்லதும் செய்கிறது. மோட்டாரும் பம்பும் சேரும் இடத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தால், பம்புத் தண்ணீர் மோட்டார் பக்கம் வராமல் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்கானிக்கல் சீல் கசிகிறது. சொட்டு கண்ணில் படாது, சூட்டில் காய்ந்து உப்பு மட்டும் தங்கும். இந்தக் கட்டத்தில் சீலை மாற்றினால் சின்னச் செலவோடு முடியும். விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயிலுக்கே ஆபத்து. சீலைக் குளிர்ச்சியாக வைப்பது தண்ணீர்தான். அதனால் சம்ப் வற்றியபின் ஒருபோதும் மோட்டாரை ஓடவிடாதீர்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் சம்பில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, சம்புக்குள் இறங்கும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் மண்ணோ குப்பையோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இணைப்பில் காற்று இழுத்தாலும் இப்படித்தான் ஆகும். சம்பைக் கழுவும்போதே வால்வையும் கழுவிவிடுங்கள், அதன் வாய் தரையைத் தொடாமல் அரை அடியாவது மேலே இருக்கட்டும்.

சுவிட்ச் போட்டதும் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள், விட்டால் காயில் கருகும். மோட்டார் லைனின் எம்சிபியை (போர்டிலுள்ள டிரிப் சுவிட்சை) இறக்கிவிட்டு, ஃபேன் பக்கம் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர்தான் போயிருக்கும். பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்தே மாற்றுங்கள், கரண்ட் இல்லாவிட்டாலும் அதில் சார்ஜ் நிற்கும். தண்டு அசையவே இல்லையென்றால் உள்ளே துருவோ உப்போ பிடித்திருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மோட்டாரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? அன்றைக்கே நிறுத்திவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள். மெயினை அணைக்காமல் யாரையும் சம்புக்குள் இறக்காதீர்கள்.

அரை ஹெச்பி மோட்டாரில் காயிலும் பேரிங்கும் சேர்ந்து போயிருந்தால், காயில் கட்டக் கொடுக்குமுன் புது மோட்டார் விலையை ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.