தங்கம் போன திசை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கோவா போயிருந்தேன். சந்தையில் ஒரு பக்கம் சிலுவையும் சுற்றிலும் லத்தீன் எழுத்துகளும் கொண்ட கனமான காசு ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வாஸ்கோ ட காமா காலத்துத் தங்கக் காசு என்றார் கடைக்காரர். கையில் எடுத்தால் கோபம்தான் வருகிறது. நம்மிடம் கொள்ளையடித்த தங்கத்தில்தானே இதையெல்லாம் அடித்தார்கள்? இந்தக் காசுகளின் வரலாற்றைக் கொஞ்சம் எழுதுங்களேன்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் காரணம் இடம் மாறியிருக்கிறது. போர்ச்சுக்கீசியர் இங்கே கொள்ளையடித்தார்கள், கப்பல்களைக் கொளுத்தினார்கள். ஆனால் அந்தக் காசுகளின் தங்கம் இங்கிருந்து போனதல்ல. இங்கே வந்தது.

முதலில் குருசாதோ என்ற தங்கக் காசு. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கைக்குப் போனபின் போப் மூன்றாம் கலிஸ்துஸ் சிலுவைப்போருக்கு அழைத்தார். பெரும்பாலான அரசர்களுக்கு அது காதில் விழவில்லை. போர்ச்சுகலின் ஐந்தாம் அஃபோன்சோ 1457இல் அதற்கென்றே சிலுவை பொறித்து இந்தக் காசை அடித்தார். மூன்றரை கிராம், ஏறக்குறைய மாற்றுக் குறையாத தங்கம். அடுத்த ஆண்டே போப் இறந்தார், படை மொராக்கோ பக்கம் திரும்பிவிட்டது. காசு மட்டும் நிலைத்தது.

தங்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1482இல் இன்றைய கானா கடற்கரையில் மினா கோட்டையைக் கட்டியபின் வரத்து பெருகியது. துணி, பித்தளைக் காப்புகள், பெனின் பக்கம் வாங்கிய அடிமைகள் என்று கொடுத்து ஆப்பிரிக்க வணிகர்களிடம் தங்கம் வாங்கினார்கள். நீங்கள் கோபப்படலாம் என்றால் இந்த இடத்தில் படலாம்.

1498இல் காமா கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்குக் கொண்டுபோன பரிசு என்ன தெரியுமா? துணி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், கொடுப்பதென்றால் தங்கமாகக் கொடு என்றார்களாம். சாமூதிரி கொடுத்தனுப்பிய கடிதத்திலும் மிளகுக்கும் இஞ்சிக்கும் பதிலாகக் கேட்ட பொருள்களில் முதலாவது தங்கம்.

காமா திரும்பிய 1499இல்தான் மன்னர் மானுவேல் ‘போர்த்துகேஷ்’ என்ற பெருங்காசை அடித்தார். பத்து குருசாதோ மதிப்பு, சுமார் 35 கிராம், நம் கணக்கில் நாலரைப் பவுன். எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடல்வழிக்கும் வணிகத்துக்கும் அதிபதி என்று அதில் எழுத்துச் சுருக்கங்களாகப் பொறித்துக்கொண்டார். அந்த வருடம் இந்தியாவில் அவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது! ஆனாலும் காசின் தரம் பேசியது. ஹாம்பர்க் போன்ற வட ஜெர்மன் நகரங்கள் அதே எடையில் காசு அடித்து, அதற்கு ‘போர்ச்சுகலோசர்’ என்றே பெயர் வைத்தன.

2008இல் நமீபியாவின் வைரச் சுரங்கக் கடற்கரையில் ஒரு பழைய கப்பல் கிடைத்தது. 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ‘போம் ஜெசுஸ்’ என்று கருதுகிறார்கள். உள்ளே டன் கணக்கில் செம்புக் கட்டிகள், யானைத் தந்தங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள். பெரும்பாலும் ஸ்பானியக் காசு, போர்த்துகேஷும் இருந்தது. அத்தனையும் இந்தப் பக்கம் சரக்கு வாங்க வந்துகொண்டிருந்தவை.

இங்கே வந்தவர்கள் நம் காசையும் விடவில்லை. விஜயநகர வராகனை ‘பர்தாவ்’ என்றார்கள். ‘பிரதாப’ என்ற சொல்லின் திரிபு அது. கோவாவில் 1510இலேயே போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் நாணயச்சாலை வைத்தார். பிறகு அங்கே அடித்த ஒரு தங்கக் காசில் புனித தோமா நிற்கிறார், நம் மயிலாப்பூரில் கல்லறை உள்ளவர்.

1690களில் அவர்கள் ஆண்ட பிரேசிலின் மினாஸ் ஜெராய்சில் தங்கம் கண்டார்கள். 1724 முதல் அங்கே அடித்த ‘தொப்ராவ்’ 53 கிராமுக்கும் மேல். அந்தத் தங்கமும் போர்ச்சுகலில் தங்கவில்லை, துணி விற்ற இங்கிலாந்துக்குப் போனது. அங்கே இதைவிடச் சிறிய போர்ச்சுக்கீசியக் காசு ஒன்று 27 ஷில்லிங் கணக்கில் கடைவீதியில் புழங்கியது.

உங்கள் காசுக்கு வருவோம். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், அப்படியே உரைகல்லிலும். நாலரைப் பவுனை இரண்டாயிரத்துக்கு யார் தருவார்கள்? பித்தளை என்றால் வருத்தப்படாமல் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சாவி என்ற சொல்லாவது போர்ச்சுக்கீசியர் தந்ததுதான்.