அணி இலக்கணம்: கேள்வி பதில்

கேள்வி: உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம் ஐயா? பரீட்சையில் குழம்பிவிடுகிறது.

மலர்ப்பாதம் என்றால் உவமைத்தொகை: மலர் போன்ற பாதம், இரண்டும் வேறு வேறாக நிற்கின்றன. பாதமலர் என்றால் உருவகம்: பாதமே மலர். அவ்வளவுதான். ஆனால் ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். ‘போல’ போன்ற உவம உருபைத் தேடாதீர்கள், பொருளைப் பாருங்கள்.

கேள்வி: ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் ‘போல’ இல்லையே, எப்படி உவமை?

எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ‘அதுபோல’ என்பதை நாமே சேர்த்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டு உவமை என்பது இதுதான், குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரே அப்படித்தான் சொல்கிறார்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ (475) இன்னும் ஒரு படி மேலே போகிறது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. சொல்ல வந்த அரசனும் இல்லை, அவனுடைய பகைவரும் இல்லை. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால் வலியவனும் கெடுவான் என்பதை, வலியறிதல் அதிகாரத்தில் வைத்துப் படிக்கும் நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறிதுமொழிதல் அணி.

கேள்வி: உவமைக்கும் உருவகத்துக்கும்...

முதல் பதில்.

கேள்வி: வெண்பாவுக்குத் தளை பார்ப்பது எப்படி?

அது யாப்பு. யாப்பு தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள்.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று வருகிறது. ‘போல்’ கண்ணுக்கு நேரே இருக்கிறது. இதை ஏன் தற்குறிப்பேற்றம் என்கிறீர்கள்? உவமைதானே?

இதற்காகத்தான் காத்திருந்தேன். கொடி காற்றில் ஆடுகிறது, அது இயல்பு. கோவலனும் கண்ணகியும் வரும்போது, ‘வராதீர்கள்’ என்று தடுப்பதற்காக ஆடுகிறது என்று இளங்கோ தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். கொடி எதற்கும் ஒப்பாகச் சொல்லப்படவில்லை, கொடிக்கு ஒரு நோக்கம் கொடுக்கப்படுகிறது.

அதே நபர்: கை அசைப்பது போலக் கொடி அசைந்தது என்றால் உவமை ஆகாதா?

ஆகும், நீங்கள் அப்படி எழுதினால். அவர் அதோடு நிற்கவில்லையே, ‘வாரல்’ என்று ஒரு சொல்லையும் கொடியின் வாயில் வைத்திருக்கிறார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வெறும் அசைவுதான் மிஞ்சும்.

இன்னொருவர்: அப்படியானால் ‘வற்றல் மரந்தளிர்த் தற்று’ (குறள் 78)? அங்கேயும் ‘போன்றது’ என்று பொருள்படும் ‘அற்று’ இருக்கிறதே?

அது உவமையேதான். மனத்தில் அன்பில்லாத வாழ்க்கையும் வன்னிலத்தில் பட்டமரம் தளிர்ப்பதும் ஒப்பிடப்படுகின்றன. ஆனால் பட்டமரம் தளிர்க்காது, அதனால் இல்பொருள் உவமை. மரத்துக்கு யாரும் நோக்கம் கற்பிக்கவில்லை. கொடிக்குக் கற்பித்தார்கள். சரிதானே?

கேள்வி: சிலேடைக்கு ஒரு உதாரணம்?

ஒரே தொடர் இரண்டு பொருள் தருவது சிலேடை. காளமேகப் புலவர், ‘ஆடிக் குடத்தடையும்’. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்தில் அடங்கும். எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்துக்கு வரும்.

கேள்வி: ‘போல’ வந்தால் உவமை என்று எழுதினால் மார்க் கிடைக்குமா?

கிடைத்தாலும் கிடைக்கும். என்னிடம் கிடைக்காது.